மாலை ஏழு மணி வள்ளல்களின் மெய்க்கீர்த்தி

அனந்தசயனத்தில் பெருமாள் கண்வளரும் இத்திருநகரில், அந்திப் பூசைக்கு மணி அடிக்கும் அதே வேளையில், நிலவிளக்கு ஏற்றிவைத்த கையோடு ஜனங்கள் பக்தி சிரத்தையாக வந்து அமர்வது தங்கள் சந்நிதியில்தான். மலையாளத் தொடர்களைத் தயாரித்தருளும் பெருமக்களே, கதை வகுக்கும் செம்மல்களே, இயக்குநர் திலகங்களே! கரமனையில் நாலு தலைமுறையாகக் காலந்தள்ளும் தமிழ்க் குடும்பத்தின் கடைக்கோடி ரசிகன் தங்கள் கீர்த்தியைப் பாடப் புகுந்திருக்கிறேன். வேணாட்டரசர்களுக்குக் கல்லில் வெட்டிய புகழ் தங்களுக்குக் காகிதத்திலாவது நிற்கட்டும்.

முதற்கண், மரணத்தை வென்ற தங்கள் வெற்றியைச் சொல்ல வேண்டும். சாவித்திரி காடுமேடு கடந்து யமனோடு வாதாடிப் பெற்ற வரத்தைத் தாங்கள் வியாழக்கிழமை வரும் டிஆர்பி பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் வழங்கிவிடுகிறீர்கள். யாருக்கு ஆயுள், யாருக்கு முடிவு என்பதில் தாங்கள் காட்டும் நீதி மனுநீதிச் சோழனையும் நாணச் செய்வது. சம்பளம் கூட்டிக் கேட்ட நடிகர் லாரியில் அடிபடுகிறார். சினிமா வாய்ப்பு வந்த நடிகை மலையுச்சியிலிருந்து தவறி விழுகிறார். சண்டை போடாமல் விடைபெற்றவருக்கு மட்டும் வெளிநாட்டில் மேற்படிப்பு என்னும் சொர்க்கவாசல் திறக்கிறது. கர்மத்துக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பை இத்தனை தெளிவாக எந்த உபந்நியாசகர் விளக்கினார்?

சாவதிலும் எத்தனை நளினம்! தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் நாயகியைக் கண்ணாரக் கண்டவர்கள் பாக்கியசாலிகள். ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளே உதட்டுச்சாயம் ஒரு இழை கலையவில்லை. தலைக்கட்டின் நடுவே மருந்துச் சிவப்பு, குங்குமப்பொட்டுக்குப் போட்டியாக, வட்டமாக இருக்கிறது. வெளியே மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி, இருபத்துநாலு மணி நேரம் கழித்துத்தான் எதையும் சொல்ல முடியும் என்கிறார். அந்த இருபத்துநாலு மணி நேரம் எங்கள் நாட்காட்டியில் மூன்று வாரம் ஓடும். மாமியார், நாத்தனார், ஓரகத்தி, வீட்டு வாசலில் நின்ற காவலாளி என்று ஒவ்வொரு முகத்தையும் மும்முறை நெருங்கி, இடி முழக்கி, வண்ணத்தை உருவிக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டுகிறீர்கள். அதற்கு வேண்டிய அவகாசத்தைக் காலதேவன் தராவிட்டால் தாங்களே எடுத்துக்கொள்கிறீர்கள்.

எங்கள் வீட்டு ஆச்சி தங்கள் சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவள். கார் பள்ளத்தில் உருண்டு, தீப்பிடித்து, வெடித்துச் சிதறிய பின்பும் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பொணத்தக் காட்டினானா மக்களே?" காட்டவில்லை என்றால் அடுத்த ஓணத்துக்குள் ஆள் திரும்பி வருவான் என்பது அவளுக்குத் தெரியும். ஞாபகம் தப்பி வருவான், அல்லது முகம் மாறி வருவான். தமிழ்த் தொடர்களில் இதற்கும் மேலான ஒரு சித்தி உண்டு. இனி இவருக்குப் பதில் இவர் என்று திரையின் அடியில் ஒரு வரி ஓடும். பெற்ற தாயே புது முகத்தை நோக்கி ஒரு கேள்வியும் கேட்காமல் தோசை பரிமாறுவாள். ஆத்மா அழியாதது, உடம்பு மட்டும் மாறும் என்ற கீதையின் சாரம் சமையற்கட்டு வரை வந்து சேர்ந்தது தங்களால்தான்.

வடநாட்டாருக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுப்பது நன்றிகெட்டதனம். 2001 இல் கியோங்கி சாஸ் பீ கபி பஹு தீ தொடரில் மிஹிர் இறந்தபோது நாடே துக்கம் காத்தது. துக்கம் தாளாமல் மிஹிரை உயிரோடு மீட்டு வந்தார்கள். மக்களாட்சி என்றால் இதுவன்றோ! ஓட்டுப் போட்டு ஒரு தெருவிளக்கை எரியவைக்க முடியாத தேசத்தில், ஒப்பாரி வைத்தே ஒரு பிணத்தை எழுப்ப முடிந்தது.

ஆயினும், சிகரம் கேரளத்தின் சிகரம்தான். 2013 முதல் 2018 வரை ஏசியாநெட்டில் கொலுவீற்றிருந்த பரஸ்பரம் தொடரின் தீப்தி ஐபிஎஸ் அவர்களையும் அவர்தம் கணவர் சூரஜையும் நினைத்தாலே மெய்சிலிர்க்கிறது. தீயாத தோசை சுட்டு, மாமியாரின் கால் பிடித்து, இடைப்பட்ட நேரத்தில் காவல்துறைத் தேர்வெழுதி அதிகாரியான அந்த மாதரசியைச் சாமானியச் சாவு கொண்டுபோக விடுவீர்களா? தம்பதிகள் இருவர் வயிற்றிலும் மாத்திரை வடிவில் வெடிகுண்டு. விழுங்கிய குண்டோடு தண்ணீரில் படகேறிப் போய், ஊரைக் காத்து, ஜோடியாக வெடித்துச் சிதறினார்கள். தொடர் முடிந்த அந்த 2018 ஆகஸ்ட் மாதம் கேரளத்தைப் பெருவெள்ளம் விழுங்கி, நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். சேறு காயாத வீடுகளில் பள்ளிக்கூட முகாமிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்த ஜனங்களுக்கு, தண்ணீரில் நேரும் சாவைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்க முடியும் என்று காட்டிய கருணையை எந்த நிவாரண நிதியோடு ஒப்பிடுவது? கேலிப்படங்கள் கைபேசிதோறும் பறந்தன. மரணத்தின் மேல் மனிதனுக்கு ஆதிநாள் தொட்டு இருந்த அச்சத்தை, மரியாதையையும் சேர்த்தே, ஒரே மாலையில் தாங்கள் துடைத்தெறிந்தீர்கள்.

மரணத்தை வென்றதற்கே இத்தனை கீர்த்தி என்றால், நிறத்தை வென்றதற்கு எத்தனை பாட வேண்டும்!

கிழக்கேகோட்டைப் பேருந்து நிறுத்தத்தில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். சாலைக் கடைவீதியில் மூட்டை இறக்கிவிட்டு வருகிறவர், விழிஞ்ஞத்திலிருந்தும் பூந்துறையிலிருந்தும் மீன் சருவத்தோடு வந்து விற்றுத் திரும்பும் சேச்சிமார், தலைமைச் செயலக ஊழியர், செவிலியர், என்னைப் போன்ற தமிழர் என்று மாநிறமும் கறுப்புமாய் ஒரு ஜனசமுத்திரம். அவர்களெல்லாம் வீடு போய்ச் சேர்ந்து ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தால், அங்கே அதே திருவனந்தபுரத்தில், இதே நகரத்தின் வாடகை பங்களாக்களில் படம்பிடித்த குடும்பங்களில், சந்தனமும் பாலும் கலந்த மேனியரே நடமாடுகிறார்கள். கடலோர வெயிலைத் தாங்கள் ஒரு வாசற்படிக்கு அப்பால் நிறுத்திவிட்டீர்கள். அகத்திய முனி விந்தியத்தை அடக்கியது கூட இதற்குப் பிற்பாடுதான்.

இப்படிச் சொல்வதால் கறுப்பைத் தாங்கள் மறந்தீர்கள் என்று எவனாவது வாய் திறந்தால் அவன் நாக்கு அழுகட்டும். கறுப்புக்காகவே ஒரு காவியம் தந்தவர்கள் அல்லவா தாங்கள்! 2014 இல் தொடங்கி ஐந்தாண்டு ஓடிய கறுத்தமுத்து. கறுப்பாய்ப் பிறந்த பெண் படும் பாட்டைச் சொல்லும் அந்தத் தொடருக்கு நாயகி தேடியபோது, கேரளத்தில் கறுத்த பெண்கள் கிடைப்பது எத்தனை அரிது என்பதைத் தாங்கள் நொடியில் கண்டுகொண்டீர்கள். பஞ்சத்துக்கு அஞ்சுவாரா கலைஞர்கள்? பிரேமி விஸ்வநாத்துக்கும், அவருக்குப் பின் ரேணு சௌந்தருக்கும் ஒப்பனையால் கறுப்பேற்றி, இயற்கை செய்யத் தவறியதைக் கிண்ணத்தில் குழைத்துச் செய்துமுடித்தீர்கள். கறுப்பின் துயரம் முழுதும் திரையில் வந்தது. கறுத்தவள் ஒருத்தி வரவேண்டிய சங்கடம் மட்டும் வரவில்லை.

அந்த ஒப்பனையை ரசிக்கத் தனிக் கண் வேண்டும். முகத்தில் அட்டைக்கரி அமாவாசை. காதுமடலுக்குப் பின்னால் மெல்லத் தேய்பிறை. மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்தால் பௌர்ணமி. நாயகி கண்ணீர் விடும் காட்சிகளில் கைக்குட்டையை ஒற்றி எடுப்பாளே தவிரத் துடைக்கவே மாட்டாள்; அடக்கத்தின் இலக்கணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! படப்பிடிப்பு முடிந்ததும் அந்த அம்மணி முகம் கழுவிக்கொள்வார். அவர் படும் பாட்டைப் பார்த்து அழுத எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே நேரத்தில் முகம் கழுவத்தான் செய்தாள், பயற்றமாவும் மஞ்சளும் போட்டு. அவளுக்கு மட்டும் அது போகவில்லை. இடைவேளை விளம்பரத்தில் அதற்கும் மருந்து வைத்திருந்தீர்கள். ஃபேர் அண்ட் லவ்லி என்ற திருநாமம் 2020 இல் குளோ அண்ட் லவ்லி ஆனதே, அந்த ஞானஸ்நானத்தால் பசையின் குணம் குன்றாமல் பார்த்துக்கொண்ட பெருந்தன்மையும் மறக்கற்பாலதன்று. நோயை ஏழு மணிக்கும் மருந்தை ஏழேகாலுக்கும் ஒரே கடையில் தருகிற தன்வந்திரிகள் தாங்கள்.

இந்த மை பாரதமெங்கும் பரவியது. தெலுங்கில் கார்த்திக தீபம், மராத்தியில் ரங் மாஜா வேகளா, கன்னடத்தில் முத்துலட்சுமி, பிறகு இந்தி, வங்காளம். கலம்காரியும் கைத்தறியும் ஏற்றுமதி செய்த தேசத்தில் கேரளம் தன் பங்குக்குக் கறுப்புச் சாயம் ஏற்றுமதி செய்தது. தமிழில் 2019 இல் பாரதி கண்ணம்மாவாக வந்திறங்கியதை நான் விசேஷமாய்ச் சொல்லியாக வேண்டும். கறுத்த பெண் என்பதோடு கற்பும் சந்தேகத்துக்குரியது என்ற இரட்டை மாலை கண்ணம்மாவுக்கு. கணவன் மருத்துவன், மருத்துவனாகையால் மரபணுச் சோதனை என்று ஒன்று இருப்பது அவனுக்குச் சில வருஷம் ஞாபகம் வரவில்லை. அந்த அம்மாளோ பையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறி நடந்தாள், நடந்தாள், எபிசோடு எபிசோடாக நடந்தாள். தமிழகம் முழுக்கச் சிரித்தது. கர்ப்பிணி ஒருத்தி போக்கிடமின்றித் தெருவில் நடப்பது சிரிக்கத் தக்க காட்சி என்று ஏழு கோடிப் பேருக்கு ஒரே மூச்சில் பயிற்றுவித்த ஆசான்களை வேறெங்கும் காணேன்.

இடையில் ஒரு சறுக்கல் நேர்ந்ததை மறைக்க விரும்பவில்லை. 2021 இல் சன் தொலைக்காட்சி, சுந்தரி என்ற தொடரில் கேப்ரியெல்லா செல்லஸ் என்பவரை நாயகியாக்கியது. அவர் பிறந்த நிறமே கறுப்பு. கிண்ணம் இல்லை, குழைப்பு இல்லை, கழுவினாலும் அதே முகம். ஜனங்கள் அதையும் வருஷக்கணக்கில் விரும்பிப் பார்த்தார்கள் என்பதுதான் வியப்பு. கறுத்த நாயகியை யார் பார்ப்பார்கள் என்று நெடுநாளாய்த் தாங்கள் எங்கள் சார்பில் பட்ட கவலைக்கு இது எத்தகைய நன்றிகேடு! நல்லவேளை, ஒரு குயில் கூவியதற்காகத் தாங்கள் வசந்தத்தை அறிவித்துவிடவில்லை.

அமெரிக்கத் தொடர்களைப் பார்க்கும் என் தம்பி மகன் ஒரு புகாரோடு வருவான். அங்கே கறுப்பினப் பாத்திரத்தைத்தான் முதலில் கொல்கிறார்களாம். தி வாக்கிங் டெட் தொடரில் 2012 இல் டி-டாக், 2014 இல் பாப், 2015 இல் டைரீஸ் என்று ஒருவர் பின் ஒருவராய்ப் போனார்களாம்; ஒருவர் வந்தால் ஒருவர் சாகவேண்டும் என்ற கணக்கு இருக்கிறதா என்று அந்நாட்டு ரசிகர்கள் கேட்டுத் துளைத்தார்களாம். அவனுக்கு நான் தங்கள் ஜீவகாருண்யத்தை எடுத்துச் சொன்னேன். நம்மவர்கள் கறுத்தவனைக் கொல்வதில்லையப்பா, பெரும்பாலும் பிறக்கவே விடுவதில்லை. தப்பிப் பிறந்தவர்களுக்கும் வகையாய் ஒரு பிழைப்புக் காட்டிவிடுகிறார்கள்: கடத்த வரும் அடியாள், விஷம் கலக்கக் கூலி வாங்குபவன், பால்காரன், துடைப்பக்காரி. எஜமானி அம்மாளுக்கு வரும் கத்திக்குத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் விசுவாச வேலைக்காரியும் அந்த வரிசையில்தான் வருவாள். சாகும்போது அவளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் இல்லை. அம்மாவின் மடியில் தலைவைத்து ஒரு வரி பேசிவிட்டு விளம்பரத்துக்கு முன்னால் கண்ணை மூடிவிடுவாள். கூடத்தில் மாலை போட்டு ஊதுவத்தி கொளுத்த அவளுக்குப் புகைப்படமும் எடுத்திருக்க மாட்டார்கள். வெளுத்தவர்கள் எரிந்து சாம்பலாகியும் திரும்பி வரும் அந்த வீட்டில், அவள் ஒருத்திதான் செத்தால் செத்ததுதான். எங்கள் ஆச்சி கூட அவளுக்குப் பிணத்தைக் காட்டினார்களா என்று கேட்பதில்லை.

இந்தச் செவ்வியல் மரபு தாங்கள் புதிதாய்ப் படைத்ததல்ல. இத்திருநகரம் பரம்பரையாகக் காத்துவந்தது. பட்டத்தில் ஸ்டூடியோ அமைத்து, அகஸ்தீஸ்வரத்து நாடார் ஜே.சி. டேனியல் மலையாளத்தின் முதல் படமான விகதகுமாரனை எடுத்தார். கேப்பிட்டல் கொட்டகையில் அது திரையேறிய வருஷம் 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். புல்லறுத்துப் பிழைத்த புலையர் குலத்துப் பெண் பி.கே. ரோசி, அதில் நாயர் பெண்ணாக வந்தார். ஒரு தலித் பெண் மேற்சாதிப் பெண்ணாக நடித்ததைக் கண்ட நகரத்துப் பெரியோர்களின் கலையுள்ளம் பொறுக்கவில்லை. திரையின் மேல் கல்லெறிந்தார்கள். பிறகு அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். ரோசி லாரியேறி நாகர்கோவில் பக்கம் தப்பிப் போனார். தமிழ்நாட்டில் ராஜம்மாள் என்ற பெயரில், நடித்த கதையை வெளியே பேசாமல், வாழ்ந்து மறைந்தார். படத்தின் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. அவ்வளவு சுத்தமான துடைப்பு!

அந்த முரட்டுக் காலத்தைத் தாங்கள் எத்தனை நாகரிகப்படுத்திவிட்டீர்கள்! கல்லெறிவது அநாகரிகம், கொளுத்துவது சட்டவிரோதம். ரோசிக்கு நேர்ந்தது இனி எந்தக் கறுத்த பெண்ணுக்கும் இம்மண்ணில் நேராது. அவளை அழைப்பதே இல்லை என்று தாங்கள் முடிவெடுத்துவிட்டதால், ஓட்டவேண்டிய சிரமம் ஊருக்கு இல்லை. வெள்ளயம்பலத்துச் சந்திப்பில் சிலையாக நிற்கும் அய்யன்காளி, 1893 இல் வில்லுவண்டி ஏறி, தாழ்த்தப்பட்டோருக்குத் தடைசெய்யப்பட்ட தெருவில் ஓட்டிப் போனார். அவர் திறந்த தெருக்கள் திறந்தே இருக்கின்றன. தங்கள் வரவேற்பறைக்குள் மட்டும் வண்டி நுழைய வழி இல்லாதபடி சோபாக்களை நெருக்கிப் போட்டிருக்கிறீர்கள்.

தங்கள் கல்வியின் பயன் உச்சாணிக் கொம்பு வரை எட்டியிருக்கிறது. 2024 இல், கறுத்தவர்கள் மோகினியாட்டம் ஆடலாகாது என்னும் அழகியல் கோட்பாட்டை மூத்த நடனக் கலைஞர் ஒருவர் பேட்டியில் வெளியிட்டு, நாடெங்கும் புகழ் பெற்றார். 2025 மார்ச்சில், மாநிலத்தின் தலைமைச் செயலாளர் சாரதா முரளீதரன் ஒரு செய்தியைப் பகிர்ந்துகொண்டார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் அவர் கணவர். கணவரின் ஆட்சி எத்தனை வெள்ளையோ அத்தனை கறுப்பு அவருடைய ஆட்சி என்று யாரோ அவரிடமே சொன்னார்களாம். நாலு வயதில் தன்னை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெளுப்பாகப் பெற்றுத்தர முடியுமா என்று அவர் தாயைக் கேட்டதையும் எழுதியிருந்தார். கோப்புகளைப் படித்து எடைபோட எத்தனை சிரமம்! முகத்தைப் பார்த்தே ஒரு நிர்வாகத்தை அளந்துவிடும் குறுக்குவழியை இந்நகரத்தார் மாலைதோறும் தங்கள் பாடசாலையில் அல்லவா பயின்றார்கள்! நாலு வயதுக் குழந்தை கேட்ட மறுபிறப்பை நாற்பது நிமிஷத்தில் ஒப்பனையறையில் தரக்கூடியவர்களும் தாங்கள்தான். திசைதான் கொஞ்சம் மாற வேண்டும்.

பொறாமைக்காரர்கள் இல்லாத கீர்த்தி எங்கே உண்டு? 2021 இல் மாநிலத் தொலைக்காட்சி விருதுக் குழு, சிறந்த தொடர் என்று கொடுக்க ஒன்றுமே தேறவில்லை என்று கைவிரித்தது. பெண்கள் ஆணையம் தணிக்கை வேண்டும் என்றது. 2024 இல் சலச்சித்திர அகாதமித் தலைவர் பிரேம்குமார், சில தொடர்கள் எண்டோசல்ஃபானைப் போலக் கேடு என்றார். நடிகர் சங்கமான ஆத்மா உடனே கண்டனம் எழுதியது. எழுதாமல் என்ன செய்யும்? காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தெளித்த எண்டோசல்ஃபானைப் பின்னாளில் தடை செய்தார்கள். தங்களைத் தடுக்கக்கூடியவர் யார்? இந்த உவமையில் குறைவு தங்கள் பக்கம் இல்லை.

கீர்த்தி பாடியவன் பரிசில் கேட்பது மரபு. அடியேனுக்குப் பொன்னும் பொருளும் வேண்டாம். ரோசியம்மையின் கதையைத் தாங்கள் ஆயிரம் எபிசோடு கொண்ட மகா தொடராக எடுத்தருள வேண்டும். நாயகி மும்பையிலிருந்து வரட்டும். கிண்ணமும் குழைப்பும் இங்கே தயார். நூறாவது எபிசோடில் அவருக்குச் சினிமா அழைப்பு வந்தால் கவலை வேண்டாம், இனி ரோசியாக இவர் என்று இன்னொரு சந்தனமேனியாளை இறக்கிவிடலாம். லாரி கவிழ்ந்து ரோசி செத்துப்போவதாகவும், பிணம் கிடைக்காததாகவும் ஓணம் வாரத்துக்கு ஒரு திருப்பம் வைக்கலாம். ரோசியின் அப்பன், அம்மை, கூடப் புல்லறுக்கும் பெண்கள் ஆகியோருக்கு மட்டும் இவ்வூர்க் கறுத்த ஜனங்களையே அழைத்துக்கொள்ளுங்கள், மைச்செலவு மிச்சம். குடிசை எரியும் நாளில் அவர்களைச் சாகவிட்டாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நாள்கூலிதான், மாலையே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடலாம்.